பெற்றுக்கொண்டேன் என்னும் வரி

வெளிச்சம் வருவதற்குள் லோடு ஆட்கள் முந்நூறு பெட்டி உறைமீனை இறக்கியிருந்தார்கள். கேட் அக்கா முப்பத்தொரு செய்திகளை ஏற்றிவிட்டிருந்தாள். அவர்கள் முதுகிலிருந்து ஆவி பறந்தது. அவள் முதுகிலிருந்து எதுவும் பறக்கவில்லை. கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது, விரல்கள் மரத்திருந்தன, கண் மிளகாய்பட்டதுபோல் எரிந்தது. இதையும் உழைப்பு என்று சொல்லலாமா என்பதில் அவளுக்கே கொஞ்சம் கூச்சம் உண்டு. பதினான்கு வருடமாக அந்தக் கூச்சத்தோடுதான் சம்பளம் வாங்குகிறாள்.

எஞ்சின் அறைக்கும் குளிர் அறைக்கும் நடுவில் மிச்சமிருந்த சந்துக்குக் கதவு வைத்து அவளுக்கு அறை என்று கொடுத்திருந்தார்கள். ஒரு சுவர் கொதிக்கும், மறு சுவர் வியர்க்கும். அவளுக்கு இடது கன்னம் வெந்து வலது கன்னம் விறைக்கும். ஆலையின் கூடங்களில் இருப்பவை பழைய செய்திப்பெட்டிகள். பச்சை எழுத்தும் சாம்பல் உடம்புமாக, எண்பது எழுத்துக்கு மேல் தாங்காதவை. அலுவலகத்திலும் எஞ்சின் அறையிலும் புது மின்னஞ்சல். ஒன்றின் பேச்சு மற்றதற்கு விளங்காது. நடுவில் உட்கார்ந்து, இதன் எழுத்தை அதன் எழுத்தாக்கி, இதன் முகவரியை அதன் முகவரியாக்கி, ஒழுங்காகக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஏற்பாட்டுக்குத்தான் கேட்வே என்று பெயர். அதை எழுதியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி இவள். இன்னொருவர் மீசை. அவர் மீசையை எடுத்து ஆறு வருடமாகிறது, பெயரை எடுக்க முடியவில்லை.

"எனக்குப் போட்டியா இன்னொரு கேட்டா?" என்று வாசல் காவலாளி கேட்ட நாளிலிருந்து அவள் எல்லோருக்கும் கேட் அக்கா.

காலை ஷிஃப்டுக்கு முன்னால் ராத்திரி தேங்கியதைக் கையால் பிரித்து அனுப்பியாக வேண்டும். முகவரி பிசகியது, எழுத்து உடைந்தது, பாதியில் செத்தது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து வழியனுப்புவது தினப்படி வேலை. இத்தனை நாள் அதை முணுமுணுப்போடு செய்தாள். இந்தப் பதினொரு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறாள்.

பதினொரு நாளுக்கு முன் காலை ஆறு பத்துக்கு, மூன்றாம் குளிர் அறையில் அம்மோனியா வால்வு கசிந்தது. ஃபிட்டர் செய்திப்பெட்டிக்கு ஓடினார். முன்பெல்லாம் எஞ்சின் அறைக்குச் சுவரில் ஒரு போன் இருந்தது. எல்லாம் எழுத்தில் இருக்கட்டும் என்று முதலாளி அதைக் கழற்றிவிட்டார். 'மூன்றாம் அறைக்கு கம்ப்ரஸரை நிறுத்து' என்று ஃபிட்டர் தட்டினார். இரண்டு விநாடியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று பச்சையாக வந்தது. முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டேயிருந்தது. வால்வு அவர் முகத்தில் வெடித்தது.

செய்தி அப்போது வரிசையில் நின்றுகொண்டிருந்தது. அதற்கு முன்னால் நாற்பது வீடியோக்கள். முதலாளி புதுக் கிளைக்கு ரிப்பன் வெட்டிய காட்சியை ஒவ்வொரு கூடத்துக்கும் பெருமையாக அனுப்பியிருந்தார். பச்சை எழுத்துப் பெட்டிக்கு வீடியோ எங்கே தெரியும்? பாவம் கேட்வே ஒவ்வொன்றையும் எழுத்தாக உடைத்து உடைத்து மூச்சு வாங்கியது. போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு மெஷின் கேட்டதற்கு, ஒன்றே போதும் என்று சொன்னவரும் அவர்தான். செய்தி எஞ்சின் அறைக்குப் போய்ச் சேர்ந்தது ஆறு இருபத்தேழுக்கு.

ஃபிட்டர் கேட் அக்காவின் கூடப் பிறந்த அண்ணன்.

*

புதன்கிழமை பதினொரு மணிக்கு முதலாளி கூப்பிட்டனுப்பினார். மேஜையில் ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோல் கண்ணாடிப் பேழைக்குள் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கத்தரிக்கோலால் என்னவெல்லாம் செய்யலாம் என்று மனசுக்குள் ஒரு பட்டியல் ஓடியது.

"ஒரே பக்கம்மா. கேட்வே வேலைக்கு என்னென்ன திறமை வேணும்னு வரிசையா எழுதிக் குடு. வெள்ளிக்கிழமை காலையில வேணும்."

"எதுக்கு சார்?"

"எழுதி வச்சா நல்லதுதானே. நாளைக்கே உனக்குக் காய்ச்சல் வந்துட்டா?"

"பதினாலு வருஷத்துல எத்தனையோ தடவை வந்துடுச்சு சார். நீங்கதான் இப்ப விசாரிக்கறீங்க."

அவர் சிரித்தார். "சரி, மறைக்கல. வெளிக் கம்பெனி ஒண்ணு பாத்திருக்கோம். திங்கட்கிழமை வர்றாங்க. இந்தப் பக்கம் கடுதாசி வாங்கி அந்தப் பக்கம் குடுக்கற வேலை. அதுக்கு ரெண்டு பேர் அறை போட்டு உக்காரணுமா? உனக்கும் அந்த மீசைக்கும் பேக்கிங்ல இடம் இருக்கும்."

"வெள்ளிக்கிழமைதான் எங்க அண்ணன் விசாரணையும்."

"ஆமா. கஷ்டமாத்தான் இருக்கு, நான் என்ன பண்ணட்டும்? எஞ்சின் ரூமுக்குச் செய்தி போனது ஆறு இருபத்தேழு. அவர் உள்ள போனது ஆறு பன்னெண்டு. பதில் வந்தப்புறம்தான் போகணும்ங்கறது விதி. அவசரப்பட்டுட்டாரு. வேலையில வச்சிருந்தா நாளைக்கு இன்னொருத்தரும் அவசரப்படுவாரு."

"பெட்டியில பெற்றுக்கொண்டேன்னு வந்துச்சு சார்."

"யார் பாத்தா?"

அவர் குரலைத் தணித்து, ஏதோ உபகாரம் செய்பவர்போல முன்னால் சாய்ந்தார்.

"அந்த வரியைத் தூக்கி மேல வச்சது யார் கைன்னு நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன். நீயும் சொல்லாத. அதான் உனக்கு நல்லது."

படியிறங்கும்போது கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். பயத்தால் என்று நினைத்தாள். கீழ்ப்படிக்கு வந்தபோதுதான் அது வேறு என்று தெரிந்தது. ஒரு மனிதனை இவ்வளவு முழுசாக வெறுக்க முடியும் என்பது நாற்பத்திரண்டு வயதில் அவளுக்குப் புதுச் செய்தி.

ஏனென்றால் அந்தக் கை அவளுடையதுதான்.

கேட்வேயை எழுதியபோது, எதிர்ப்பக்கத்தில் ஓர் ஆள் செய்தியைப் பார்த்து விசையை அழுத்திய பிறகே 'பெற்றுக்கொண்டேன்' என்று பதில் போகும்படி வைத்திருந்தாள். அது தொண்ணூறாவது வரி. அதுவரை பெட்டியில் 'காத்திருக்கிறது' என்று மட்டும் இருக்கும். இரண்டு வருடம் முன்பு முதலாளி கூடத்தைச் சுற்றி வந்தவர், ஆட்கள் ஏன் பெட்டி முன்னால் நிற்கிறார்கள் என்று கேட்டார். பதிலுக்காக என்றாள். "அப்ப பதிலை முன்னாடியே குடுத்துடு" என்றார். மீன் வாங்க வந்த கம்பெனிக்காரர்களுக்குச் 'சராசரி இரண்டு விநாடி' என்று பலகையில் காட்டவேண்டியிருந்தது. அவள் தொண்ணூறாவது வரியைப் பன்னிரண்டாவதாக மாற்றினாள். செய்தி கைக்கு வந்தவுடனேயே, இன்னும் கொடுக்காமலே, கொடுத்தாயிற்று என்று சொல்லிவிடும். ஐந்து நிமிட வேலை. அன்று சாயங்காலம் டீயுடன் பாராட்டும் கிடைத்தது.

*

அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். திறமைப் பட்டியலுக்கு ஒரு தாளை எடுத்து முதல் வரி எழுதினாள். 'இரண்டு மொழி தெரிந்திருக்க வேண்டும். இரண்டிலும் பொய் சொல்லத் தெரிந்திருந்தால் முன்னுரிமை.'

மீசை எட்டிப்பார்த்தார். "நல்லா இருக்கு. ரெண்டாவது?"

"ரெண்டாவது இது." திரையில் வேறொன்றைத் திறந்திருந்தாள்.

ஒவ்வொரு செய்தியும் எத்தனை தடவை வாசலைத் தாண்டியது என்று எண்ணும் வரி அது. பத்துக்கு மேல் போனால் நிறுத்திவிடும். முதலாளி வெளியூர் போகும்போது 'நான் வெளியில் இருக்கிறேன், வந்ததும் பதில் தருகிறேன்' என்று தானாகப் பதில் போகும்படி வைத்துவிட்டுப் போவார். கூடத்துப் பெட்டி அதற்குத் தானாக நன்றி சொல்லும். நன்றிக்கு அவர் பெட்டி மறுபடி பதில் சொல்லும். எண்ணும் வரியை எடுத்துவிட்டால் இரண்டும் சம்பந்திகள்போல மாற்றி மாற்றி மரியாதை செய்துகொண்டேயிருக்கும். ஒரு மணிநேரத்தில் அலுவலகம் முழுக்க அடைத்துப்போகும். புதுக் கம்பெனி வந்தாலும் எங்கே அடைப்பு என்று கண்டுபிடிக்க ஒரு மாதமாகும்.

"ஒரே வரி மீசை. அழிச்சா போதும். அவன் மூச்சு திணறணும். எங்க அண்ணன் திணறற மாதிரி."

மீசை ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மீசை இல்லாத இடத்தைத் தடவிக்கொண்டார். யோசிக்கும்போது அது அவர் வழக்கம்.

"அழிக்கலாம். நானே அழிக்கறேன். ஆனா வரிசை அடைச்சா எல்லாருக்கும்தான் அடைக்கும். நாளைக்கு நாலாம் ரூம்ல கசிஞ்சா, அந்தச் செய்தி எதுக்குப் பின்னாடி நிக்கும்?"

"இந்த நேரத்துல ஏன்யா சரியா பேசறே?"

"எனக்கும் பிடிக்கலதான்."

அவள் விசையிலிருந்து கையை எடுத்தாள். பழிவாங்கக்கூட ஒழுங்காகத் தெரியாத ஜென்மம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அதைப் பட்டியலில் சேர்க்க முடியாது.

*

அண்ணன் வீட்டில் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தொண்டை வெந்துவிட்டது, பேச்சு இல்லை. மடியில் ஒரு கட்டு பேக்கிங் லேபிள், ஒரு பென்சில். லேபிளின் பின்பக்கத்தில்தான் இப்போது பேசுகிறார். அண்ணி பேக்கிங் கூடத்து ஷிஃப்ட் முடிந்து வந்து, கைவிரல் வெடிப்பில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். எழுந்துபோய் நாத்தனாருக்கு டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பதினொரு நாளாகத் தொண்டையில் நின்றதை கேட் அக்கா ஒரே மூச்சில் சொன்னாள்.

"அண்ணே, பதில் முன்னாடியே வர்ற மாதிரி மாத்தினது நான்தான். உன் செய்தி போகவேயில்ல. போயிடுச்சுன்னு பெட்டி பொய் சொல்லிச்சு. சொல்ல வச்சது நான்."

அண்ணி எழுந்து வந்தாள். நாத்தனார் கையிலிருந்த டம்ளரை வாங்கினாள். ஒரு வாய்கூடக் குடிக்காத டீயைத் தொட்டியில் கொட்டி, டம்ளரைக் கழுவி, கவிழ்த்து வைத்தாள்.

அண்ணன் எழுதினார். 'யார் சொல்லி?'

"முதலாளி."

'என்கிட்ட ஏன் சொல்லல?'

"வேகமா இருக்குன்னு எல்லாரும் பாராட்டினாங்க" என்றாள். சொன்ன பிறகு அது எவ்வளவு அசிங்கமாகக் கேட்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சுக்குள் விசில்போல் ஒரு சத்தம் ஏறி இறங்கியது. கோபப்பட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. திட்டக்கூட மூச்சு இல்லாத மனிதனின் எதிரில் உட்கார்ந்திருப்பது சுலபமில்லை. பிறகு புது லேபிளை எடுத்து எழுதி நீட்டினார்.

'வரியைத் திருப்பி வை.'

அவள் தலையாட்டினாள். அவர் லேபிளைத் திரும்பப் பிடுங்கி, பென்சில் முனை ஒடியும்படி அழுத்தி, கீழே இன்னும் எழுதினார்.

'ரகசியமா வைக்காதே. எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வை. அவனுக்கு வலிக்கணும்.'

*

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், பேக்கிங் கூடத்தில், எழுபது பேர் முன்னால் ஒரு மீன்பெட்டி மேல் ஏறி நின்றாள். கையுறை இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முதலில் பட்டியலைப் படித்தாள். இரண்டு பக்கத்து எழுத்தும் தெரிய வேண்டும், இரண்டு பக்கத்து முகவரியும் தெரிய வேண்டும், அவசரத்தை முன்னால் விடத் தெரிய வேண்டும், சுற்றிச் சுற்றி வருவதை நிறுத்தத் தெரிய வேண்டும். கடைசி வரியில் நிறுத்தினாள்.

"கொடுத்து முடிக்காம, கொடுத்துட்டேன்னு சொல்லாத ஆளா இருக்கணும். இது எங்கிட்ட இல்ல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

லோடு மேஸ்திரி கையிலிருந்த கொக்கியைத் தரையில் ஊன்றினார். "அப்ப ரெண்டு வருஷமா எங்ககிட்ட பொய் பேசினது உன் மெஷினு."

"மெஷின் இல்லண்ணே. நான்."

"நாங்க அதைப் பாத்துதானே வாயுவுக்குள்ள போறோம். எங்க பொண்டாட்டி புள்ளைகிட்ட யார் சொல்வா, நீயா?"

"நான்தான் சொல்லணும்."

பின்னாலிருந்து யாரோ, "இறக்குய்யா அவளை" என்றார்கள். யாரும் இறக்கவில்லை. மேஸ்திரி அவளை மேலும் கீழும் பார்த்தார். "இத்தனை பேர் முன்னாடி சொல்றதுக்கும் ஒரு திமிரு வேணும். சரி, அந்த ஆள் சொன்னதுக்கு என்ன அத்தாட்சி? வாயாலதானே சொல்லியிருப்பான்."

அவள் மடித்த தாளை எடுத்தாள். அவளுக்கும் மீசைக்கும் ஒரு சண்டைக்காரப் பழக்கம் உண்டு. எந்த வரியை மாற்றினாலும் பக்கத்திலேயே தேதியும், யார் கேட்டார்கள் என்பதும் எழுதி வைப்பார்கள். மெஷின் அதைப் படிக்காது. நாளைக்கு நீதானே மாற்றினாய் என்று ஒருவரை ஒருவர் குதறுவதற்காக வைத்துக்கொண்டது. பன்னிரண்டாவது வரிக்குப் பக்கத்தில் இரண்டு வருடம் முந்தைய தேதியோடு இருந்தது: 'முதலாளி சொன்னபடி. எனக்கு உடன்பாடில்லை. டீ வாங்கித்தந்தார்.'

சிரிப்பு எங்கோ ஒரு மூலையில் கிளம்பி, அடக்க முடியாமல் கூடம் முழுக்கப் பரவியது. மேஸ்திரிகூடச் சிரித்தார். ஆனால் அது நல்ல சிரிப்பில்லை. பல் தெரிந்தது.

"அவனுக்கு எங்க வலிக்கும்?" என்று கேட்டார்.

"ரெண்டு விநாடியில" என்றாள். "அந்தப் பலகையில."

*

வெள்ளிக்கிழமை விடியற்காலை அவளும் மீசையும் வரியைப் பன்னிரண்டிலிருந்து தொண்ணூறுக்கு இறக்கினார்கள். பக்கத்தில் தேதி போட்டு எழுதினாள்: 'அண்ணன் சொன்னபடி. எனக்கு முழு உடன்பாடு.' எஞ்சின் அறை ஆட்கள் முறை வைத்துத் திரை முன்னால் உட்கார்ந்தார்கள். கசிவு, தீ, காயம் என்று எது வந்தாலும் அந்த விநாடியே அழுத்த ஒரு கை தயாராக இருந்தது. மற்றதெல்லாம் விதிப்படி.

விதி முதலாளி எழுதியதுதான். பதில் வந்த பிறகே வேலை.

ஏழு மணிக்கு இரண்டாம் கூடம் கேட்டது, 'லாரியில் ஏற்றலாமா?' பெட்டியில் 'காத்திருக்கிறது'. ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அலுவலகத்தில் இரண்டு வருடமாக யாரும் எதையும் அழுத்திப் பழகவில்லை. திரையில் செய்திகள் மினுக்கிக்கொண்டே குவிந்தன. ஒன்பது மணிக்குள் பலகையில் சராசரி இரண்டு விநாடி என்பது நாற்பத்தாறு நிமிடமாகியிருந்தது. காவலாளி ஓடிவந்தார்.

"உன் கேட்டை மூடிட்டே, என் கேட்டுல பதினேழு லாரி நிக்குது."

"ஒண்ணும் மூடலண்ணே. திறந்துதான் இருக்கு. மரியாதையா கேட்டுட்டு வரச் சொல்லியிருக்கேன்."

முதலாளி அவள் அறைக்கு வந்தது பதினான்கு வருடத்தில் அதுவே முதல் தடவை. உள்ளே வந்தவருக்கு ஒரு கன்னம் வெந்து மறு கன்னம் விறைத்தது. எங்கே நிற்பது என்று தெரியாமல் தவித்தார். அவள் அதை ரசித்தாள். வெட்கமில்லாமல், ஒரு துளி விடாமல் ரசித்தாள்.

"என்ன பண்ணி வச்சிருக்கே? மெஷின் கெட்டுப்போச்சா?"

"இல்ல சார். இப்பத்தான் சரியாச்சு."

"எவனும் வேலை செய்யல."

"பதில் வரல சார். அவசரப்பட வேணாம்னு இருக்காங்க. அவசரப்பட்டா விசாரணைன்னு சொன்னீங்களே."

அவர் முகம் சிவந்தது. "உங்க அண்ணனுக்குத்தானே இவ்வளவும்? அந்த விசாரணையை வேணா ஒரு மாசம் தள்ளி வைக்கறேன்."

"தள்ளி வைக்கச் சொல்லல. அவர் பேர்ல குத்தமில்லன்னு எழுதித் தாங்க. பதிலை முன்னாடி வைக்கச் சொன்னது நீங்கன்னு அதுலயே எழுதுங்க. எஞ்சின் ரூமுக்கு போனைத் திருப்பி மாட்டுங்க." தாளை நீட்டினாள். "நீங்க கேட்ட திறமைப் பட்டியல். ஒரே பக்கம்தான். பின்பக்கம் கையெழுத்து."

திருப்பிப் பார்த்தார். எழுபத்திரண்டு பேர். சிலது கைநாட்டு, மீன் செதில் ஒட்டியது.

"திங்கட்கிழமை வேற ஆளு வருவான்."

"வரட்டும் சார். இதை அவங்களுக்கும் அனுப்பிட்டோம். கடைசி வரியைப் படிச்சுட்டு வரட்டும்."

"உன்னையும் சேத்து அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பறேன் பாரு" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினார். காலடியில் படிக்கட்டு அதிர்ந்தது.

அவள் பேக்கிங் கூடத்துக்குப் போனாள். பெல்ட் நின்றிருந்தது. அந்தக் கூடத்தில் பெல்ட் சத்தம் இல்லாமல் அவள் கேட்டதேயில்லை. எழுபது பேர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. செய்திப்பெட்டிக்குப் பக்கத்தில் அண்ணி நின்றிருந்தாள். இரண்டு நாளாக அவள் இவளிடம் பேசவில்லை. இப்போதும் பார்க்கவில்லை.

பெட்டி கீச்சென்றது. பச்சை எழுத்து ஓடியது. 'உடனே வேலையைத் தொடங்கவும். தொடங்காதவர் நீக்கப்படுவர். முதலாளி.' அதன் கீழே, 'பெற்றுக்கொள்ள விசையை அழுத்தவும்.'

எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். விசைக்கு அருகில் இருந்தது அவள்தான். வீட்டில் மூச்சு வாங்கும் புருஷன், அடுத்த மாதம் என்ன என்று தெரியாத அடுப்பு, எல்லாம் அவள் நெற்றியில் ஓடுவது கேட் அக்காவுக்குத் தெரிந்தது. அழுத்தினால் ஒருத்தரும் குற்றம் சொல்ல முடியாது. அண்ணி கையுறையைக் கழற்றினாள். கையைத் திரைப்பக்கம் கொண்டுபோனாள். கூடம் மூச்சை நிறுத்தியது.

அண்ணி முழங்கைத் துணியால் திரையில் படிந்திருந்த பனியைத் துடைத்தாள். பின்னால் நிற்பவர்களுக்கும் தெரியட்டும் என்று இடப்பக்கம், வலப்பக்கம், ஓரம் எல்லாம் நிதானமாகத் துடைத்தாள். பிறகு ஒதுங்கி நின்று கையைக் கட்டிக்கொண்டாள்.

மேஸ்திரி கொக்கியைச் சுவரில் மாட்டினார்.

சற்று நேரம் கழித்து அண்ணி கூடையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள். மூடியில் டீயை ஊற்றினாள். யாரையும் பார்க்காமல் அதைக் கேட் அக்காவின் பக்கமாக நீட்டினாள்.

"ஆறிடும். குடி."

அவள் வாங்கிக்கொண்டாள். மாடியில் அந்த ஆள் இப்போது எதைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். பதினான்கு வருடம் முன்பு அவளே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி வைத்த ஒற்றை வார்த்தை. அது மினுக்கும் வேகம்கூட அவள் வைத்ததுதான், விநாடிக்கு ஒரு தரம்.

காத்திருக்கிறது.